வாசலில் மட்டும் மக்கர் செய்த வண்டி

தெருவில் அவளை ஊசிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அவள் வண்டிச் சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பெரியவர்களோ ரத்தம் சோதிக்கிற லேப்புக்குப் போன் போட்டு, "ஊசிக்காரம்மாவை அனுப்புங்க, வேற ஆளுன்னா நான் கையே நீட்ட மாட்டேன்" என்று அடம்பிடிப்பார்கள். அப்படி ஒரு கை அவளுக்கு. நரம்பே தெரியாத குண்டுக் கையானாலும், குத்திக் குத்திக் கன்றிப்போன நோயாளிக் கையானாலும், ஆள்காட்டி விரலால் ஒரு தடவு தடவி, "இங்கதான் ஒளிஞ்சிருக்கார் நம்ம ஆளு" என்பாள். குத்தியது தெரியாது. எடுத்தது தெரியாது. பஞ்சை வைத்து அமுக்கும்போதுதான், "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பார்கள்.

வேலை என்னவோ கைக்குத்தான் என்றாலும் பிழைப்பு முழுக்க வண்டியை நம்பித்தான் இருந்தது. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம் அது. ராத்திரி சாப்பிட்டதோடு சரி, காலையில் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்சம் தாமதமானாலும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கை நடுங்கும், மற்றவர்களுக்கு வாய் நீளும். அதனால் பொழுது வெளுக்கும்போதே ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் கிளம்பியாக வேண்டும்.

அது ஒரு பழைய சின்ன மோட்டார் சைக்கிள். பட்டன் வைத்த வண்டி இல்லை, காலால் உதைத்தால்தான் கிளம்பும். வாங்கித் தந்தது, மைதானத்தில் கூடவே ஓடி ஓட்டக் கற்றுக்கொடுத்தது எல்லாம் அவள் வீட்டுக்காரர்தான். அவர் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். இரும்பைக் கடைந்து வெண்ணெய் மாதிரி வழவழப்பாகத் தருகிற கை. கம்பெனியை இழுத்து மூடியபோது அவரோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய் ஒட்டிக்கொண்டார்கள். இவர் மட்டும், "கண்ட இடத்துலயும் போய் நின்னு தம்பி, அண்ணேன்னு வேலை கேக்க என்னால முடியாது" என்று சொல்லி வீட்டோடு இருந்துவிட்டார். அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனுஷனுக்கு மனசு ஆறட்டும் என்று விட்டுவிட்டாள்.

வீட்டோடு இருந்தவர் வண்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், வாசலில் சாக்கை விரித்து, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாக அழுக்கு எடுப்பார். காற்று வடிகட்டியைத் தட்டி உதறுவார். கடைசியில் அவளுடைய பழைய சுடிதார்த் துணியால் டேங்க்கை முகம் தெரிகிற அளவுக்குத் துடைப்பார். எதிர்வீட்டு டீச்சர் மாடியில் துணி காயப்போடும்போது பார்த்துவிட்டு, "என் வீட்லயும் ஒண்ணு இருக்கே. சோபால படுத்துக்கிட்டு ரிமோட்டத் தேடுது. நீ குடுத்து வெச்சவ" என்பாள். ஊசிக்காரம்மாவுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும்.

இவ்வளவு சீராட்டியும் அந்த வண்டியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காலையில் வாசலில் வைத்து அவள் உதைத்தால் கிளம்பாது. சோக்கை இழுத்துப் பார்ப்பாள், ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பார்ப்பாள், கால் மாற்றி உதைத்துப் பார்ப்பாள். "புர்ர்" என்று ஒரு செருமல்கூட வராது. அப்புறம், "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று குரல் கொடுப்பாள். அவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி, தூக்கக் கலக்கத்தோடு, ஆனால் முகத்தில் ஒரு சிரிப்போடு வருவார். வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சீட்டுக்குக் கீழே பக்கவாட்டு மூடிக்குள் கையை விட்டு எதையோ தடவுவார். மறுகையால் டேங்க்கின் மேல் "ஏய், எழுந்திரு" என்று பலமாக ஒரு தட்டு. எழுந்து ஒரே உதை. வண்டி கிளம்பிவிடும்.

"வண்டிக்கு என் கால் தெரியும்" என்பார். எதிர்வீட்டு டீச்சரின் பிள்ளைகள் கை தட்டும். அவளும் சிரிப்பாள்.

எப்போதும் அப்படி என்று சொல்ல முடியாது. நடுநடுவே சில நாள் அவளுக்கும் முதல் உதையிலேயே கிளம்பும். அன்றைக்கெல்லாம் தனக்கு வித்தை கைவந்துவிட்டது என்று நினைப்பாள். மறுநாள் அதே மாதிரி உதைத்தால் மண்ணு மாதிரி நிற்கும். ஆக, கோளாறு வண்டியில் இல்லை, தன் காலில்தான் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இன்னொரு விசித்திரம். வெளியில் எங்கேயும் அது மக்கர் செய்ததே இல்லை. மழையில் நிறுத்திவிட்டு வந்தாலும், வெயிலில் காய்ந்தாலும், நோயாளி வீட்டு வாசலில் நல்ல பிள்ளை மாதிரி கிளம்பும். வீட்டு வாசலில் மட்டும்தான் இந்தப் பிடிவாதம். "வீட்டை விட்டு வர அதுக்கே மனசு இல்ல போல" என்று லேப்பில் சொல்லிச் சிரிக்க வைப்பாள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் லீவுக்கு வந்தால் அவளுக்கும் தட்டாமல் கிளம்பிவிடும். "என் பொண்ணுக்கு என் கால்" என்று அப்பன்காரருக்குப் பெருமை தாங்காது.

சிரித்தாளே தவிர, தாமதம் தாமதம்தானே. அவர் குளித்துக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தால் வருகிறவரை வாசலிலேயே நிற்க வேண்டும். முதல் வீட்டில் விழுந்த தாமதம் கடைசி வீடு வரை இழுத்துக்கொண்டே போகும். லேப் மேனேஜர் அம்மா இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். "வண்டிய மாத்துங்களேன். இல்ல, வேற மெக்கானிக் யார்கிட்டயாவது காட்டுங்க." இதை வீட்டில் வந்து சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் இருக்கும்போது ரோட்டுக்கடைக்காரன் கையில குடுக்கணுமா? அவன் நல்ல பார்ட்ஸக் கழட்டிக்கிட்டு ஓட்டைய மாட்டி அனுப்புவான்." அதற்குமேல் அவளுக்குக் கேட்க மனசு வரவில்லை. வேலை போன மனுஷனிடம் மிச்சம் இருக்கிற ஒரே கௌரவத்தையும் பிடுங்குவதா என்று இருந்தது.

அப்போதுதான் லேப்பில் புதுக் கிளை திறப்பதாகப் பேச்சு வந்தது. அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். வீடு வீடாக அலைய வேண்டாம், போகிறவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து மேற்பார்வை பார்த்தால் போதும். தூரம் என்பதால் காலையில் லேப் காரே வந்து கூட்டிக்கொண்டு போகும். ஊசிக்காரம்மாவையும், அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த கண்ணாடி போட்ட பெண் ஒருத்தியையும் பெரிய டாக்டர் நேரில் பார்த்துப் பேசி முடிவு செய்வதாக ஏற்பாடு. "உங்களுக்குத்தான்னு வெச்சுக்குங்க. ஆனா அன்னிக்கு மட்டும் டைமுக்கு வந்துடுங்க, டாக்டருக்கு லேட்டுன்னா ஆகாது" என்று மேனேஜர் அம்மா காதோடு காதாகச் சொல்லி அனுப்பினாள்.

வீட்டில் சொன்னதும், "கார்லாம் வருமா!" என்று அவர் புருவத்தை உயர்த்தினார். "இனிமே வண்டி எதுக்கு அப்போ?" என்றார். அவள் சந்தோஷத்தில் இருந்தாள். அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த நாள் காலையில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் வண்டி கிளம்பவில்லை. குரல் கொடுத்தால் பதில் இல்லை. பால் வாங்கப் போயிருந்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். உதைத்தாள், உதைத்தாள், புடவை கொசுவம் எல்லாம் கலைந்தது. ஒரு உதையில் கால் வழுக்க, கிக்கர் திரும்பி வந்து அடித்து முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் வண்டியை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கிளம்பிப் போயிருந்தார். வேலை கண்ணாடிப் பெண்ணுக்குப் போயிற்று. "உங்க கை மேல எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. நேரத்து மேலதான்" என்றாள் மேனேஜர் அம்மா. அந்தப் பெண்ணே வந்து, "அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டது. அதன் மேல் என்ன தப்பு இருக்கிறது?

சாயங்காலம் அவர் வெந்நீர் வைத்து அவள் காலைக் கழுவிவிட்டார். மருந்து தடவி, பஞ்சு வைத்துக் கட்டினார். "நான் ஒரு முட்டாள், இன்னிக்குப் பாத்து பாலுக்குப் போனேன் பாரு. போனா போகுது விடு. காரும் வேணாம் ஒண்ணும் வேணாம். நான் இல்ல உனக்கு?" என்று தலையைத் தடவிக்கொடுத்தார். இப்படி ஒருத்தர் கிடைத்த பிறகு வேறென்ன வேண்டும் என்றுதான் அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

மாதங்கள் போயின. ஒருநாள் விடியுமுன் போன் வந்தது. அவருடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். அவர் பஸ் ஏறின பிறகு இவள் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வழக்கம்போல மண்ணு மாதிரி நின்றது வண்டி. அவருக்குப் போன் போட்டாள்.

"அடடா" என்றார் அவர். "விட்டுடு. நான் வர்ற வரைக்கும் ஆட்டோவுல போ. யாரையும் கூப்பிட்டு வண்டியக் காட்டிட்டு இருக்காத, சரியா? தொடவே தொடாத."

ஒரு நாள் ஆட்டோவில் போனாள். அன்று மதியம் லேப் கார் டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, வண்டிக்கு மூணே மூணுதான் வேணும். பெட்ரோலு, காத்து, கரண்டு. எது வரலன்னு பாரு, அதத் தேடிப் போ. அவ்ளோதான். மனுஷன் உடம்புல நீ தேடாததா?"

அந்தக் கடைசி வார்த்தை அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, புடவையை மாற்றிக்கொண்டு, அவருடைய சாக்கை எடுத்து விரித்தாள். பெட்ரோல் குழாயைப் பிடுங்கிப் பார்த்தாள், கை நனைய வந்தது. காற்று வடிகட்டியைத் திறந்தாள், அவர் துடைத்து வைத்த சுத்தம். கரண்டு பார்க்க டிரைவர் சொல்லிக்கொடுத்த மாதிரி பிளக்கைக் கழற்றி, அதன் மூடியிலேயே மாட்டி, இஞ்சின் இரும்பில் ஒட்டவைத்துக்கொண்டு உதைத்தாள். பொறி வரவில்லை. மறுபடி உதைத்தாள். சாயங்கால வெளிச்சத்தில் ஒரு மின்மினி அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை.

ஆக, கரண்டுதான். பிளக்கிலிருந்து போகிற வயரைப் பிடித்துக்கொண்டு, நரம்பு பார்க்கிற அதே விரலால், கண்ணால் பார்க்காமல் தடவிக்கொண்டே போனாள். டேங்க்குக்கு அடியில் போயிற்று. சீட்டுக்குக் கீழே திரும்பியது. அங்கே மற்ற வயர்களோடு சேராமல் ஒன்று மட்டும் மெலிசாக, கருப்பு டேப் சுற்றி, தனி வழியில் பிரிந்து போனது. பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். மூடியின் உள்பக்கம், வெளியிலிருந்து விரல் மட்டும் நுழைகிற மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச். அதைப் பிடித்து நிறுத்த ஒரு குட்டி இரும்புத் தகடு. ஓரமெல்லாம் அரம் போட்டு, கை கிழிக்காதபடி வழவழவென்று செய்திருந்தது. அப்படி வேலை செய்கிற கையை அவளுக்குத் தெரியும்.

சுவிட்சை நகத்தால் தள்ளினாள். டக். பிளக்கை மாட்டிவிட்டு ஒரே உதை. வண்டி கிளம்பியது. டக். அடங்கியது. எத்தனை தடவை அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. மாடியிலிருந்து எதிர்வீட்டு டீச்சர், "என்ன, நீயே சரி பண்ணிட்டியா? பரவால்லையே!" என்று கத்தினாள். தலையை ஆட்டினாள்.

உடனே சண்டைக்குப் போகிற பிறவி இல்லை அவள். திருட்டு பயத்துக்காக வைத்திருக்கலாம், சொல்ல மறந்திருக்கலாம் என்று அவருக்காக அவளே வக்கீலாக நின்று வாதாடிப் பார்த்தாள். ஒவ்வொரு வாதமும் அந்தப் புடவை கட்டின காலையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. சுவிட்சை இருந்தபடியே அணைத்து, மூடியை மாட்டி, சாக்கை மடித்து வைத்துவிட்டு, அவர் வரும்வரை ஆட்டோவிலேயே போய் வந்தாள்.

அவர் வந்த மறுநாள் காலை, உதைக்கிற மாதிரி இரண்டு உதை உதைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள். அவர் வந்தார், சிரித்துக்கொண்டே. "நாலு நாள் நான் இல்லன்னதும் கோவிச்சுக்கிச்சா?" என்று வண்டியிடம் கேட்டார். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டார். மறுகை டேங்க்கின் மேல் "ஏய், எழுந்திரு" என்று தட்டியது. அந்தத் தட்டு எதற்கு என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. தட்டுகிற சத்தத்துக்கு அடியில் அந்த "டக்" ஒளிந்திருந்தது. காது கொடுத்துக் கேட்டவளுக்கு மட்டும் கேட்டது. எழுந்து ஒரே உதையில் அவர் வண்டியைக் கிளப்பினார். பிள்ளைகள் கை தட்டின. அவர் கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார், வழக்கமாக அவள் சிரிக்கிற சிரிப்புக்காக. அவளுக்கு உதடு பிரியவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டாள். அன்றைக்கு ஒரு வயதான அம்மாவின் கையில் முதல் தடவையாக அவளுக்கு நரம்பு தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் சாக்கை விரித்து உட்கார்ந்தபோது அவளும் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்த வண்டியில எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கா?"

அவர் பிளக்கைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "வண்டியில உனக்குத் தெரிஞ்சதுதான் என்ன? பெட்ரோல் எங்க ஊத்தணும்னு தெரியும்."

அவள் எழுந்து வந்து, பக்கவாட்டு மூடிக்குள் விரலை விட்டுத் தள்ளினாள். டக்.

உப்புத்தாள் நின்றது. அவர் நிமிரவில்லை.

"திருட்டு பயம். ராத்திரியில எவனாவது தூக்கிட்டுப் போனா?"

"திருடனுக்குத் தெரியக்கூடாது சரி. எனக்கு ஏன் தெரியக்கூடாது?"

அவர் உப்புத்தாளை இரண்டாக மடித்தார்.

"நான் உங்களக் குத்தம் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்…"

"அன்னிக்கு நான் வேணும்னேதான் பாலுக்குப் போனேன்னு நினைக்கிறியா?" என்று அவர் வெடுக்கென்று தலையைத் தூக்கினார்.

அவள் அதைக் கேட்கவே இல்லை. எந்த நாள் என்றுகூட இன்னும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு வந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவருக்கும் அது புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது.

"வாங்கிட்டு உடனே வந்துட்டேன்" என்றார் மெதுவாக. "முனையில வரும்போது நீ உதைச்சுட்டு இருந்த. வரலாம்னுதான் பாத்தேன். கால் வரல."

"எங்க நின்னீங்க?"

"அந்த டிரான்ஸ்பார்மர் பக்கத்துல."

"கிக்கர் என் கால அடிச்சது?"

"பாத்தேன்."

அவரே பேசினார். பேசப் பேசக் குரல் ஏறியது. "நீ பாட்டுக்குக் காலையில போற, சாயங்காலம் வந்து படுக்குற. லேப்பு, டாக்டர், மேனேஜர்னு உனக்கு ஆயிரம் பேரு. எனக்கு என்ன இருக்கு? காலையில நீ ஒரு தடவ என்னங்கன்னு கூப்பிடுவ. அந்த ஒரு தடவதான் இந்த வீட்ல நான் ஒரு ஆளு. கார் வந்து உன்னத் தூக்கிட்டுப் போயிட்டா அப்புறம் அதுவும் இல்ல."

அதைக் கேட்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம்தான் இன்னும் அதிகமாக எரிந்தது. கூப்பிட்டிருப்பாளே. வண்டி கிளம்பினாலும் கூப்பிட்டிருப்பாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தினமும் நூறு தடவை கூப்பிட்டிருப்பாள். இத்தனை காலமும் காலில் வலு இல்லாதவள், நேரத்துக்கு வராதவள், ஒரு வண்டியைக் கிளப்பத் தெரியாதவள் என்று தன்னைத்தானே கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாளே. அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பார்த்துக்கொண்டே மருந்தும் தடவியிருக்கிறார்.

"ஸ்பேனரக் கொடுங்க" என்றாள்.

"நான் கழட்டித் தரேன்."

"கொடுங்க."

வாங்கி அவளே கழற்றினாள். வயரை எப்படிச் சேர்ப்பது என்று டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சேர்த்து, டேப் சுற்றினாள். சுவிட்சை அந்த வழவழப்பான தகட்டோடு சேர்த்து அவர் முன்னால் சாக்கில் வைத்தாள். அன்றிலிருந்து வண்டிச் சாவி அவள் பையிலேயே இருந்தது.

யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல இருந்தது அவளுக்கு. மகள் அடுத்த லீவுக்கு வந்ததும், அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மகள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டது. முடித்ததும், "அந்த சுவிட்சா?" என்றது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா எனக்குக் காட்டியிருக்காரும்மா. எப்பவோ. அம்மாகிட்ட சொல்லாத, சும்மா விளையாட்டு, அம்மா கூப்பிடுறதக் கேக்கணும்னு சொன்னாரு. எனக்கும் சிரிப்பா இருந்துச்சு. அந்தப் புதுக் கிளை வேலை போனது அதனாலன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

ஊசிக்காரம்மா அடுப்பை அணைத்தாள். "என் பொண்ணுக்கு என் கால்" என்று அவர் சொன்னபோதெல்லாம் மகள் சிரித்த சிரிப்பு இப்போது முழுசாக விளங்கியது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்த வேடிக்கை அது. மூன்றாவது ஆள்தான் அந்த வேடிக்கை.

"அப்பா பாவம்மா" என்றது மகள். "வேலை இல்லாத மனுஷன். நீ கொஞ்சம் விட்டுக்குடு."

"சரி, வெங்காயத்த அரிஞ்சு வை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். மகளைத் திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் மகளிடம் வீட்டு விஷயம் எதையும் மனசுவிட்டுப் பேசுவதும் இல்லை. சாப்பிட்டியா, படிச்சியா என்பதோடு போன் முடிந்துவிடும்.

அந்த நாட்களில் அவளுக்கு இன்னொரு வியாதி பிடித்தது. வீட்டில் அவர் கைக்கு மட்டும் பணிகிற சாமான் ஒவ்வொன்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தாள். இரும்பு பீரோவின் பூட்டு, பின்பக்கக் கதவின் தாழ்ப்பாள், குளியலறைக் குழாய். ஒருநாள் ஸ்குரூடிரைவரோடு பீரோ முன்னால் உட்கார்ந்து பூட்டையே பிரித்துப் போட்டுவிட்டாள். உள்ளே ஒரு தந்திரமும் இல்லை. துருப்பிடித்த, நிஜமாகவே மக்கரான பூட்டு. அதைத் திரும்ப மாட்டத் தெரியாமல் பூட்டுக்காரனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் கூடத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை.

வண்டி வேலையையும் அவள் ஒன்றும் ஒரே நாளில் பழகிவிடவில்லை. செயினை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியதில், போகிற வழியெல்லாம் அது கறகறவென்று அரைத்தது. ஆயில் மாற்றும்போது அடியில் இருக்கிற போல்ட்டை முறுக்கித் தள்ளி மரையைத் தேய்த்துவிட்டாள். முனைக்கடை மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு சரி செய்தார். பார்ட்ஸ் எதையும் அந்த மெக்கானிக் கழற்றிக்கொள்ளவில்லை. நாளாக நாளாகக் கை படிந்தது. பிளக்கின் முனை கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்திருந்தால் போதவில்லை என்று நிறத்தைப் பார்த்துச் சொல்கிற அளவுக்கு வந்தாள். ரத்தத்தின் நிறம் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது பெரிய விஷயமாக இல்லை. லேப்புக்கு முதல் ஆளாகப் போனாள். மேனேஜர் அம்மா, "வண்டிய மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லி வைத்தாள். புதுக் கிளை எதுவும் திறக்கிற பேச்சு மட்டும் அதற்கப்புறம் வரவில்லை.

தெருவுக்கு இதெல்லாம் தெரியாதே. தெருவுக்குத் தெரிந்தது, தங்கமான மனுஷனை வண்டிப் பக்கமே விடமாட்டேன் என்கிறாள் என்பது மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டு டீச்சர் மாடியிலிருந்து, "ஏன்பா, அவர்கிட்ட குடுக்கக்கூடாதா? மனுஷன் முகமே வாடிக் கிடக்கு. நாலு காசு சம்பாதிக்கிறோம்னு இப்படியா?" என்றாள். உண்மையைச் சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது. சொன்னால் பிள்ளைகள் கை தட்டினதும், தான் சிரித்ததும் எல்லாமே தெருச் சிரிப்பாகிவிடும். "எனக்கும் பழகணும்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். கெட்ட பெயர் அவளோடேயே இருந்துவிட்டது.

அவர் கொஞ்ச நாள் கழித்து ஒரு பட்டறையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தார். யார் சொல்லிச் சேர்ந்தார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரே கூரைக்கடியில் இருந்தார்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது அவள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். பேச்சில் மரியாதை குறையவில்லை. கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. சாப்பாடு தயார் என்றால் தட்டு வைக்கிற சத்தம்தான் வரும்.

மழைக்காலத்தில், ராத்திரி முழுக்க ஊற்றித் தீர்த்த ஒரு காலை, வண்டி நிஜமாகவே கிளம்பவில்லை. அவள் உதைத்துப் பார்த்துவிட்டு, ஐஸ் பெட்டியை இறக்கி வைத்து, தரையில் மண்டியிட்டாள். உள்ளே பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நிலைப்படி வரை வந்தார். அதற்குமேல் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிளக் மூடிக்குள்ள தண்ணி போயிருக்கும். கழட்டித் துடைச்சுப் போடு, போதும்" என்றார்.

அவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது. அப்படிப் பெய்த மழை. ஆனாலும் கை அங்கே போகவில்லை. முதலில் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிப் பார்த்தாள். வடிகட்டியைத் திறந்தாள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அவள் சேர்த்த வயர் சேர்த்தபடியே இருக்கிறதா, புதிதாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று முனையிலிருந்து முனை வரை விரலால் தடவிக்கொண்டு போனாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசியாகத்தான் பிளக் மூடியை உருவினாள். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது.

துடைத்து மாட்டி உதைத்தாள். கிளம்பியது. நிலைப்படியில் அவர் வாயில் நுரையோடு நின்றுகொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. போன் அடித்தது. முதல் வீட்டுச் சர்க்கரைக்காரர்தான், "ஏம்மா, வருவியா மாட்டியா, எனக்குத் தலை சுத்துது" என்று கத்தினார்.

"தோ வந்துட்டேங்க, தெருமுனையிலதான் இருக்கேன்" என்று ஊசிக்காரம்மா பொய் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஈரத் தெருவில் வண்டியை விட்டாள்.